சிறுகதையை அலசிப் படித்தல்: போடி மலையடிவாரத்துக்கு ஒரு பாட முறை வந்த வழி

சிறுகதை ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, அதன் கதைப்பின்னல், பாத்திரம், பின்புலம், நோக்குநிலை, நடை என்று உறுப்பு உறுப்பாகப் பார்க்கச் சொல்லும் முறை தமிழ் வகுப்புகளுக்கு வந்து நூறாண்டு ஆகவில்லை. சிறுகதையே தமிழுக்குப் புதிது என்பது ஒரு காரணம். செய்யுள்தான் பாடம், உரைநடைக் கதை ஓய்வுநேரத்துக்கு உரியது என்று தமிழாசிரியர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தது இன்னொரு காரணம். இந்த முறை உருவானதில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம் என்று கிடக்கும் ஊர்களுக்கும், வடகிழக்கே வத்தலக்குண்டுக்கும், பொதுவாகச் சொல்லப்படுவதைவிடப் பெரிய பங்கு உண்டு. தமிழ்ச் சிறுகதையை வரிவரியாக அலசும் விமர்சனத்தை வளர்த்தவர் சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா. அவர் வளர்ந்த ஊர் வத்தலக்குண்டு. ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக நடத்திய பி.எஸ். ராமையாவும், 1890களில் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமையரும் அதே வத்தலக்குண்டைச் சேர்ந்தவர்கள்.

கதை புதிது என்றாலும், ஓர் இலக்கியத்தைப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் புதிதன்று. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, அசை, சீர் போன்றவை யாப்பைச் சேர்ந்தவை. ஆனால் அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. பேசுவது யார், யாரிடம், எங்கே, எப்போது, என்ன பயன் கருதி, எதைச் சொல்லாமல் விட்டு என்பவை அந்த உறுப்புகள் எழுப்பும் கேள்விகள். அகப்பாடல் ஒன்றைத் தொடங்கும் தமிழாசிரியர் முதலில் கேட்பது ‘இது யார் கூற்று?’ என்பதுதான். சிறுகதை வகுப்பில் நோக்குநிலை என்ற பெயரில் நடப்பதும் இதே விசாரணைதான்.

அந்தப் பட்டியலில் உள்ள ‘நோக்கு’ என்னும் உறுப்பு இன்னும் நெருங்கி வருகிறது. அதை விளக்கப் பேராசிரியர் என்னும் உரையாசிரியர் அகநானூற்றுப் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏன் நிற்கிறது, அது அடுத்த சொல்லுக்கு என்ன செய்கிறது என்று தொடர்ந்து காட்டிச் செல்கிறார். பொழிப்புச் சொல்வதோடு நின்றுவிடாமல் சொல்லின் வேலையைக் கவனிக்கும் அந்தப் படிப்பு, தமிழில் நுண்வாசிப்புக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பழைய சான்றுகளில் ஒன்று. பிற்காலத்துச் சிறுகதை வகுப்புகள் இதிலிருந்து தொடங்கியிருந்தால் மாணவர்க்கு வழி எளிதாகியிருக்கும்.

பின்புலம் என்பதற்கும் பழைய அடித்தளம் இருந்தது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பகுப்பில் நிலமும் பொழுதும் வெறும் இடக்குறிப்பு ஆவதில்லை; அவை உணர்வோடு பிணைந்தவை. குறிஞ்சிக்கு நிலம் மலை, பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். போடியில் படிக்கும் பிள்ளைக்கு இதில் எதுவும் ஏட்டுப் பாடமாக இருக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் மேகம் இறங்கிப் போடிமெட்டு மறைவதும், குரங்கணிப் பக்கம் மலை இருட்டுவதும் அன்றாடம் காணும் காட்சி. ஒரு கதையில் மழை ஏன் பெய்கிறது, ஏன் இரவில் நடக்கிறது என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கினால் பாதி வகுப்பு தானாக நடந்துவிடும்.

போடி ஜமீன் ஊராகவும் ஏலக்காய்ச் சந்தையாகவும் வளர்ந்தது. மலைமேல் விளையும் காய் கீழே இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, ஏலம் போகும் ஊர் இது. அந்தச் சரக்குப் போக்குவரத்தைக் கருதியே 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பள்ளிக்கு மேல் படிக்க விரும்பியவர்களுக்கு மதுரைதான் கதி: அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, 1949 முதல் தியாகராசர் கல்லூரி. செல்லப்பாவும் மதுரைக் கல்லூரியில் படித்தவரே. கம்பம் பள்ளத்தாக்குக்குள்ளேயே கல்லூரி வந்தது 1956இல், உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கியபோது. பின்னர் ஏலத் தோட்டக்காரர்களின் சங்கம் போடியில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. ஊரார் வாயில் அது சி.பி.ஏ. கல்லூரி. ஏலக்காயில் வந்த பணம் கலை, அறிவியல் படிப்புக்கு வகுப்பறையாக மாறியது இந்த வட்டாரத்தின் கல்வி வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தி.

இந்தக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்த சிறுகதைப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, சற்றுப் பின்னால் போக வேண்டும்.

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வெளிவந்தது. தாகூரின் வங்கக் கதை ஒன்றின் சாயல் அதில் உண்டு. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் எது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், வகுப்பறைக்கு இந்தக் கதை பெரும் கொடை. கதை சொல்வது ஒரு மரம். குளத்தங்கரைக்கு வந்து போகிறவர்கள் பேசுவதுதான் அதன் காதில் விழும். வீட்டுக்குள் நடப்பதை அது பிறர் வாய் வழியாகத்தான் அறியும். கணவன் நாகராஜன் மனத்தில் வைத்திருந்த திட்டம் ருக்மிணிக்குத் தெரியாது. வாசகருக்கும் அது காலங்கடந்தே தெரிகிறது. அவள் உயிர் போவது அந்த இடைவெளியில்தான். கதையை மரம் சொல்லாமல் நாகராஜன் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், நோக்குநிலை என்பதற்கு இலக்கணம் சொல்லித்தர வேண்டிய தேவையே இராது.

1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’, 1935இல் ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே நடந்தது. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி, செல்லப்பா ஆகியோர் அதைச் சூழ்ந்து எழுதினர். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்வது. அதிகாலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைத் தினமும் பார்க்கும் ஊர்களில் அந்தக் கதைக்குத் தனி வாசிப்பு உண்டு. ஆயினும் இவை எழுதப்பட்ட காலத்தில் எந்தக் கல்லூரியும் இவற்றைப் பாடமாக்க அவசரப்படவில்லை.

கல்லூரிக்கு முதலில் வந்தது கதையைவிடக் கதையின் உறுப்புப் பட்டியல்தான். 1910இல் வெளியான டபிள்யூ.எச். ஹட்சனின் இலக்கியப் படிப்பு அறிமுக நூல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகள் கைநூலாக விளங்கியது. புனைகதைக்கு அவர் சொன்ன உறுப்புகள் ஆறு: கதைப்பின்னல், பாத்திரம், உரையாடல், காலமும் இடமும், நடை, வாழ்க்கைப் பார்வை. 1950களில் அ.ச. ஞானசம்பந்தனின் ‘இலக்கியக் கலை’ மேலைத் திறனாய்வுக் கருத்துகளைத் தமிழ் மாணவர்க்கு விளக்கியது. மு. வரதராசனின் ‘இலக்கியத் திறன்’, ‘இலக்கிய மரபு’ ஆகியவை அதே பணியைத் தெளிவான எளிய நடையில் செய்தன. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றிப் பள்ளத்தாக்கின் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன, தெ.பொ. மீனாட்சிசுந்தரனாருக்குப் பின் 1971 முதல் 1974 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் மு.வ. ஆகவே மலையடிவாரத்து மாணவர் சிறுகதைத் திறனாய்வு என்று படித்ததில் ஹட்சனின் ஆறு உறுப்புகளும், மு.வ.வின் விளக்கமும், பின்னர் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய இலங்கை அறிஞர்களின் சமூகப் பார்வையும் கலந்திருந்தன. சிவத்தம்பியின் ‘தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ 1967இல் வந்தது. சிட்டியும் சோ. சிவபாதசுந்தரமும் சேர்ந்து எழுதிய விரிவான சிறுகதை வரலாறு 1989இல் வெளிவந்தது.

உறுப்புப் பட்டியலால் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கும் மாணவருக்கு அது ஒரு பிடி. ஆனால் ஹட்சன் அதை நாவலை மனத்தில் வைத்துச் சொன்னார். பல ஆண்டு வாழ்க்கையை விரித்துச் சொல்லும் வடிவத்துக்கு ஏற்ற அளவுகோல் அது. சிறுகதையைப் பற்றி எட்கர் ஆலன் போ 1842இலேயே சொன்னது வேறு: ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கது, ஒரே விளைவை நோக்கி முதல் வாக்கியத்திலிருந்தே நகர்வது. அந்த ஒருமையைத் தேடாமல் ஆறு தலைப்பில் ஆறு பத்தி எழுதினால் கதை கையில் இருக்காது. தமிழ் வகுப்புகளில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இதற்கு மாற்று வழியை வகுப்பறைக்கு வெளியே இருந்து காட்டியவர் செல்லப்பா. 1912இல் பிறந்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, ‘மணிக்கொடி’யில் கதை எழுதி, இதழ்ப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அது 1970 வரை நடந்தது. புதுக்கவிதை வேரூன்றிய இடம் என்றே ‘எழுத்து’ இன்று பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அவர் இதழைத் தொடங்கியது விமர்சனத்துக்காக. அவர் தம் முறைக்குச் சூட்டிய பெயர் அலசல் விமர்சனம். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட ‘நடைமுறைத் திறனாய்வு’, பிறகு அமெரிக்கப் புதுத் திறனாய்வாளர்கள் வளர்த்த நுண்வாசிப்பு ஆகியவற்றிலிருந்து கருவியை எடுத்து, தமிழ்க் கதைமேல் வைத்துப் பார்த்தார்.

இதில் அவருக்கும் க.நா. சுப்ரமண்யத்துக்கும் நேர்ந்த வேறுபாடு தமிழ் விமர்சன வரலாற்றில் முக்கியமானது. தேர்ந்த வாசகரின் ரசனை சொல்லும் முடிவே போதும் என்று க.நா.சு. கருதினார், நல்ல கதைகளின் பெயரை அடுக்குவதே அவருக்கு விமர்சனத்தின் தொடக்கம். செல்லப்பாவோ முடிவுக்கு எப்படி வந்தாய் என்று கேட்டார். ரசனை பெரிதுதான், ஆனால் ரசனையை வகுப்பில் கற்றுத்தர முடியாது. அலசலைக் கற்றுத்தரலாம். கற்பித்தல் என்ற கோணத்தில் பார்த்தால் செல்லப்பாவின் பக்கமே நியாயம் இருக்கிறது.

‘எழுத்து’வில் தொடராக வந்து நூலான ‘தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது’ அந்த அலசலின் நீண்ட செயல்விளக்கம். முன்னோடிகளின் கதைகளை ஒன்றொன்றாக எடுத்து, கதை எங்கே தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது, எந்த நிகழ்ச்சி கதையைத் திருப்புகிறது, கதாசிரியர் எங்கே குறுக்கே நுழைகிறார், முடிவு முன்னமே விதைக்கப்பட்டதா என்று பார்த்துக்கொண்டே போகிறார். பின்னாளில் தம் ஊர்க்காரரும் மூத்தவருமான ராமையாவின் கதைகளுக்கென்றே ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்று ஒரு பெரிய நூலை எழுதினார். அவர் நடை சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும்; வாக்கியம் நீண்டு மூச்சு வாங்கும். ஆனாலும் ஒரு கதாசிரியர் இன்னொரு கதாசிரியரின் கைவேலையை இவ்வளவு பொறுமையாகப் பிரித்துக் காட்டியது தமிழில் அரிது.

செல்லப்பா பதிப்பித்த நூல்களை வாங்கக் கடைகள் முன்வரவில்லை. அவரே புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆசிரியரிடமும் மாணவரிடமும் பேசி விற்றார். பாடத்திட்டக் குழு வழியாக வராத சிறுகதைத் திறனாய்வு, இப்படி ஒருவரின் தோள்மேல் ஏறிக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. இதற்காக அவர் இழந்த பணமும் உடல்நலமும் கொஞ்சமன்று. அவர் 1998இல் காலமானார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது.

அவருடைய ‘வாடிவாசல்’ 1959இல் நூலானது. குறுநாவல் என்றாலும், சிறுகதைக்குச் சொல்லும் ஒருமை அதில் முழுதாக உண்டு. பெரியபட்டியில் செல்லாயி சல்லிக்கட்டு நடக்கும் ஒரு பிற்பகல்தான் காலம். வாடிவாசலும் அதன் முன்னால் உள்ள திடலும்தான் இடம். தன் தகப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைய வந்திருக்கும் பிச்சி, கூட வந்த மருதன், கூட்டத்தில் நின்று பழைய கதை சொல்லும் கிழவர், காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் என்று பாத்திரங்கள் சிலரே. கிழவருக்கு வகுப்பில் தனி இடம் தர வேண்டும். முன்கதை முழுவதும் அவர் பேச்சில் வருகிறது. வாசகருக்கு மாட்டின் குணத்தையும் ஆட்டத்தின் விதியையும் சொல்லித் தருபவர் அவர். பிச்சியின் செயலை எடைபோடும் ஊரின் குரலும் அவருடையதே. கதாசிரியர் நேரடியாக விளக்கம் சொல்ல வேண்டிய தேவையை அந்த ஒரு பாத்திரம் தீர்த்துவிடுகிறது.

இறுதியில் காளை அடக்கப்பட்டதும் ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். மாட்டுக்கும் மனிதனுக்கும் இடையே நடந்த போட்டி, மனிதனுக்கும் மனிதனின் கௌரவத்துக்கும் இடையிலானதாக அந்தக் கணத்தில் தெரிகிறது. ஜமீன் ஆட்சியை நினைவில் வைத்திருக்கும் போடி போன்ற ஊரில் இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கதையின் பேச்சுமொழிக்கும் இங்கே அருஞ்சொற்பொருள் தேவைப்படாது. தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இன்று ‘வாடிவாசல்’ இடம்பெற்றிருக்கிறது. தேர்வுக்குரிய பாடம் வழியாகவே அந்த எழுத்து செல்லப்பா பிறந்த வட்டாரத்துப் பிள்ளைகளிடம் திரும்பி வந்திருக்கிறது.

செல்லப்பாவின் முறை பரவியதைவிட வேகமாகப் பரவியது உரைநூல் வழக்கம். துணைப்பாடம் என்ற பெயரில் கதைத் தொகுப்புகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வந்தபோது, கோனார் தமிழ் உரை போன்ற கையேடுகளில் கதைச்சுருக்கமும் பாத்திரப் பண்புகளும் ஆயத்தமாகக் கிடைத்தன. கதையைப் படிக்காமலே ‘கதைமாந்தரின் பண்புநலன்களை விளக்குக’ என்ற வினாவுக்கு முழு மதிப்பெண் பெறலாம் என்ற நிலை வந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மாணவர்க்கு அந்தக் கையேடு ஒரு துணை என்பதை மறுக்கலாகாது. தோட்ட வேலைக்குப் போகும் வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் ஏது? குறை வினாத்தாளில் இருந்தது. சுருக்கத்தைக் கேட்கும் வினாவுக்குச் சுருக்கமே விடையாகும். பல்கலைக்கழக ஆய்வுகளும் ‘இன்னாரின் சிறுகதைகளில் பாத்திரப் படைப்பு’, ‘இன்னாரின் கதைகளில் பெண்கள்’ என்ற வார்ப்பில் நெடுங்காலம் சுழன்றன.

உயிர்ப்பான சிறுகதைப் பேச்சு அக்காலத்தில் கூட்டங்களில்தான் இருந்தது. 1970இல் சென்னையில் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ மாதந்தோறும் இதழ்களில் வந்த கதைகளை ஒருவரைப் படிக்கச் செய்து, சிறந்த ஒன்றைக் காரணத்தோடு தேர்ந்தெடுக்கச் சொன்னது. 1975இல் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கிளைகள் தேனி வட்டாரத்திலும் வேரூன்றின. எழுதியவர் முன்னிலையிலேயே கதையைப் படித்து விமர்சிக்கும் வழக்கம் அத்தகைய கூட்டங்களால் வளர்ந்தது. தேனி அல்லிநகரத்தின் ம. காமுத்துரை போன்றோர் தொழிலாளர் வாழ்விலிருந்து கதை எழுத வந்தனர். போடி அருகே அம்மாபட்டியில் பிறந்த சு. வேணுகோபால் கதாசிரியராகவும் தமிழ் ஆசிரியராகவும் சிறுகதை விமர்சகராகவும் இயங்குபவர்; கதை எழுதுவதும் கற்பிப்பதும் அலசுவதும் ஒரே கையில் சேர்ந்ததற்கு இந்த வட்டாரம் தரும் நல்ல எடுத்துக்காட்டு அவர்.

2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்கள் பள்ளி வகுப்பின் நிலையை ஓரளவு மாற்றின. ஒன்பதாம் வகுப்பில் கந்தர்வனின் ‘தண்ணீர்’, தி. ஜானகிராமனின் ‘செய்தி’, பத்தாம் வகுப்பில் கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’, சா. கந்தசாமியின் ‘பாய்ச்சல்’. எல்லாம் அலசலுக்கு இடம் தரும் கதைகள். ‘தண்ணீர்’ கதையில் வறண்ட நிலமே நிகழ்ச்சியை உண்டாக்குகிறது. ஊருக்குக் குடிநீர் இல்லை, நின்று போகும் ரயிலில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், குடத்தோடு ஏறிய பெண் இறங்குவதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது. அந்த நிலத்தை மாற்றினால் கதையே கிடையாது. ‘ஒருவன் இருக்கிறான்’ நோக்குநிலைக்கு ஏற்றது. பக்கத்து வீட்டில் வந்து தங்கிய நோயாளியைக் கதைசொல்லி இளக்காரமாகவே பார்க்கிறான். வாசகரும் அவன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். காஞ்சிபுரத்து ஏழை நண்பனின் கடிதம் வந்த பிறகு மாறுவது நோயாளியின் நிலை அன்று, சொல்பவனின் மனம். இக்கதையின் நாயகன் யார் என்று கேட்டு வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம்.

போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பாடநூல் மாறிவிடுகிறது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தில் சேர்ந்தன. இடுக்கி மலையில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழிப் பள்ளிகள் கேரள அரசின் தமிழ்ப் பாடநூலைப் பயன்படுத்துகின்றன. 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்துக்குப் பின் அங்கே கதையை ஒட்டிய பயிற்சிகள் வேறு வகையில் அமைந்தன: ஒரு கதைமாந்தரின் நாட்குறிப்பை எழுதுதல், ஒரு காட்சியை உரையாடலாகவோ திரைக்கதையாகவோ மாற்றுதல், பாத்திரம் பற்றிய குறிப்பு வரைதல். நாட்குறிப்பு எழுத உட்காரும் மாணவர், அந்தப் பாத்திரத்துக்கு அன்றிரவு எது தெரியும், எது தெரியாது என்று முடிவு செய்தாக வேண்டும். திரைக்கதையாக்குபவர் மனத்துக்குள் நடப்பதை எந்தச் செயலால் காட்டுவது என்று தேட வேண்டும். கையேட்டிலிருந்து பார்த்து எழுத முடியாத வினா இது. மலையின் கீழ்ப்பக்க வகுப்புகளிலும் சில ஆசிரியர்கள் பாடநூலின் ‘கற்பவை கற்றபின்’ பகுதியைக் கொண்டு இதே வகைப் பயிற்சியைத் தருகிறார்கள். பொதுத்தேர்வு வினாத்தாள் இன்னும் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை.